மூன்று மணிச் சோறு

என் அக்காவுக்கு வலிப்பு வந்தபோது மூளையில் மின்கோளாறு எதுவும் நடக்கவில்லை. தலை முழுக்கக் கம்பிகள் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, வலிப்பு வரும்வரை காத்திருந்து பதிவு எடுத்துப் பார்த்த பிறகுதான் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்படிச் சொன்னார். அக்காவின் மாமியார், "அப்ப ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். அக்காவின் கணவரான மாமா, "அப்ப வேணும்னே பண்றாளா?" என்றார். டாக்டரம்மா இருவருக்கும் சேர்த்து இந்தியில் பதில் சொன்னார். வலிப்பு உண்மை. அவள் நடிக்கவில்லை. நினைத்தாலும் அவளால் நிறுத்த முடியாது. ஆனால் இது எபிலெப்சி இல்லை. அதற்குக் கொடுக்கிற மாத்திரை இதற்குக் கேட்காது. ஃபங்ஷனல் சீஷர் என்று சீட்டில் எழுதினார். செயல்பாட்டு வலிப்பு.

நோயை விளக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களில் அக்காவின் தட்டில் என்ன இருந்தது, எதெல்லாம் எடுக்கப்பட்டது, அதனால் அவள் மனசு எங்கே போய் எப்படித் திரும்பியது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். அதைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் தாத்தா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து ஜனதா காலனியில் குடிசை போட்டவர். 1976இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனியைக் காலி செய்து, அங்கிருந்த குடும்பங்களை ட்ராம்பே ஓரம் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அம்மா வளர்ந்தது அங்கேதான். அக்கா வாழப்போனது மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டுக்கு. ரயில் பாதையோரக் குடிசைகளை அகற்றியபோது மாற்று வீடாகக் கொடுத்த அடுக்குமாடிகள் அவை. வீடு 225 சதுர அடி. ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வெயில் இறங்காது. பகலிலும் விளக்கு எரியும்.

விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டி, மாமாவுக்கும் மாமியாருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு, ஏழு மணிக்குள் மான்குர்த் ஸ்டேஷனில் நிற்பாள். கழிமுகப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் வாஷி. அங்கே நான்கு வீடுகளில் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் சாய் கொடுப்பார்கள், நன்றாகக் கொதித்து இறங்கிய, சர்க்கரை தூக்கலான சாய். கூட இரண்டு பிஸ்கட். சில நாள் முந்தின நாள் பாவ். திரும்பி வந்து சோற்றில் கை வைக்கும்போது மணி மூன்றாகிவிடும். அதைப் பட்டினி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வாஷிக்கும் செம்பூருக்கும் வேலைக்குப் போகிற எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் சாப்பிட்டார்கள், இன்றும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய கறிதான். தேவ்னார் அறுப்புக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. கையில் இருக்கும் காசுக்கு வயிறு நிறையக் கிடைத்த ஒரே கறி அதுதான். 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளைகளையும் எருதுகளையும் அறுப்பதற்குத் தடை வந்தது. எருமைக்கறிக்குத் தடையில்லை. ஆனால் எங்கள் கடைக்காரர் விலையை ஏற்றினார். வாராவாரம் வாங்கியது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அந்த ஒருமுறையும் அக்காவின் தட்டுக்கு வருவதற்குள் குழம்பு மட்டும்தான் மிஞ்சும். அவள் கடைசியாகச் சாப்பிடுகிறவள்.

2016இல் முதல் வலிப்பு வந்தது, வாஷியிலிருந்து திரும்பும் ரயிலில். கூட வந்த பெண்கள் மான்குர்த் பிளாட்பாரத்தில் இறக்கிப் படுக்க வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் போனபோது அவள் கையில் யாரோ இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். கண்களை இறுக மூடியிருந்தாள். தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கைகால் உதறும், சற்று அடங்கும், மறுபடி உதறும். முடிந்து கண் திறந்ததும் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

பிறகு வீட்டிலும் வர ஆரம்பித்தது. ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், அவள் உதறிக்கொண்டிருக்கும்போதே நெஞ்செலும்பில் கைமுட்டியால் அழுத்தித் தேய்த்து, "நாடகம்" என்று மராத்தியில் சொன்னார்கள். அவளுக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பல மாதம் கழித்து அதை என்னிடம் சொன்னாள். பாரிஸின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்கோ என்ற பெரிய நரம்பியல் மருத்துவர் 1870களிலும் 80களிலும் இப்படிப்பட்ட பெண்களைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்திக் காட்டினார், போட்டோ எடுத்தார் என்று பின்னால் படித்தேன். அதைப் படித்தபோது அக்காவின் நெஞ்சில் கன்றிப்போயிருந்த இடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர் எபிலெப்சி என்று எண்ணி லெவெடிராசிட்டம் மாத்திரை எழுதினார். அப்போது நான் செம்பூரில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளை எடுத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எரிச்சல், கோபம், மனத்தளர்ச்சி வரலாம் என்று போட்டிருந்தது. எபிலெப்சி உள்ள எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிற நல்ல மாத்திரை அது. அக்காவுக்கு வலிப்பு நிற்கவில்லை, கோபம் மட்டும் வந்தது. சின்னவனை அடித்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த நேரத்தில்தான் எல்லோருடைய பார்வையும் அவள் சாப்பாட்டின் மேல் விழுந்தது.

முதலில் ஸ்கேன். இந்தியாவில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்குவது. அசுத்தத் தண்ணீரில் விளைந்த காய்கறி, சரியாகக் கழுவாத கை, இவற்றால் வருவது அது. அக்காவின் ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. முட்டைக்கோஸ் நின்றது. கீரை நின்றது. கொத்தமல்லித் தழைகூட நின்றது.

அடுத்தது மாமியார். கத்திரிக்காய், கருவாடு, முட்டை, கோழி, நண்டு எல்லாம் சூடு, நரம்பைக் கிளப்பும் என்றார். அவர் கெட்ட மனுஷி இல்லை. ஊரில் அவருடைய அம்மா அம்மை கண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் சொன்ன பத்தியத்தைத்தான் மருமகளுக்குச் சொன்னார். அவருக்குத் தெரிந்த அக்கறை அது. செவ்வாயும் வெள்ளியும் ஒருவேளைச் சாப்பாடு என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது அக்காவே. இவ்வளவும் சேர்ந்ததில் அவள் தட்டில் சோறு, ரசம், மோர், அப்பளம் மிஞ்சின. பருப்பு இருக்கும், தண்ணீராக.

கடைசியில் மாமாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். கீட்டோ சாப்பாட்டில் வலிப்பு நிற்கும் என்று. அது பொய்யில்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைல்டர் என்ற டாக்டர் எபிலெப்சிக்காகச் சொன்ன முறை அது. மாத்திரைக்கு அடங்காத எபிலெப்சி உள்ள குழந்தைகளுக்கு இன்றும் டாக்டர் மேற்பார்வையில், ஒவ்வொரு வேளையும் எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். மூளையின் மின்கோளாறுக்கு உண்டான சாப்பாடு அது. அக்காவுக்கு அந்தக் கோளாறே இல்லை. ஆனால் அது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே சோற்றுப்பானை அவளிடமிருந்து நகர்த்தப்பட்டது. நேற்றுவரை சூடு என்று ஒதுக்கிய முட்டையை இன்று தேங்காயெண்ணெயில் பொரித்து, சோறில்லாமல் தின்னச் சொன்னார்கள். வாஷியில் மூன்றாவது வீட்டுப் படியேறும்போது கால் நடுங்குகிறது என்றாள். இரண்டு வாரம்கூட அது ஓடவில்லை.

இந்தப் பத்தியங்களால் உடம்பு இளைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். மனசுக்கு நடந்ததை யாரும் பத்தியத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அக்கா சீட்டா கேம்ப்பிலேயே கருவாட்டுக் குழம்புக்குப் பேர் வாங்கியவள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவளும் ட்ராம்பே கோலிவாடாவுக்குப் போய், கோலிப் பெண்களிடம் பேரம் பேசி, காய்ந்த பொம்பிலும் சென்னாக்குனியும் வாங்கி வருவார்கள். அவள் வாரத்தில் சிரிக்கிற நேரம் அது. கருவாடு கூடாது என்றதும் கோலிவாடா போவதும் நின்றது. வீட்டில் மற்றவர்களுக்குக் கோழி வதக்கும்போது அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். பிள்ளைகள் சண்டை போட்டால் விலக்கக்கூட எழுந்திருக்கமாட்டாள். "நாக்கே செத்துப்போச்சுடி பாப்பா, எதுக்கு சாப்படணும்னே தெரியல" என்று ஒருநாள் சொன்னாள். வலிப்பு அதிகமானது அதற்குப் பிறகுதான்.

ஆடி மாதம் ஒன்றை என்னால் மறக்க முடியாது. மான்குர்த்தில் நம் ஆட்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சிச் சனம் கூடும் இடம். அக்கா அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். உடுக்கைச் சத்தம், புகை, நெரிசல். வரிசையில் நிற்கும்போதே என் தோளைப் பிடித்து, "வருதுடி" என்றாள். நான் மடியில் தாங்கிக்கொள்வதற்குள் கூட்டம் விலகி வட்டம் போட்டது. யாரோ மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். வேப்பிலையை வைத்தார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்று ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருவர் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று அக்காவின் காதருகே குனிந்து கேட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்த பிறகு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார்கள், வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்து. அதை அவள் ஒரே மூச்சில் குடித்தாள். வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "அங்க ஒருத்தரும் என்ன நடிக்கிறன்னு சொல்லல, பாத்தியா." நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவளுக்குக் கிடைக்காதது என்ன என்பது முழுதாக இருந்தது.

அன்று நான் போனில் எடுத்திருந்த வீடியோவைத்தான் கே.இ.எம்.மில் காட்டினேன். டாக்டரம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண் மூடியிருப்பது, விட்டுவிட்டு நீள்வது, தலை பக்கவாட்டில் ஆடுவது இவற்றைக் கவனித்துவிட்டுத்தான் வீடியோ ஈ.ஈ.ஜி.க்குத் தேதி கொடுத்தார். அது 2018. முடிவு வந்ததும் எபிலெப்சி மாத்திரையை அவரே அளவு குறைத்துக் குறைத்து நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு இருந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். பி12ம் குறைவு. "இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு நாலு வீட்டு வேலை செஞ்சியா?" என்று அக்காவின் கையைப் பிடித்துக் கேட்டார். அக்கா அதற்கும் அழுதாள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் அலுப்பு, படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை வரும். அதையெல்லாம் நாங்கள் அவள் குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் சைக்காலஜிஸ்ட். முதல் நாளே அக்காவிடம் நோட்டு ஒன்று போடச் சொன்னார். தேதி, தூங்கிய நேரம், சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, வலிப்பு வந்ததா, மனசு எப்படி என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். அக்கா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், தமிழில்தான் எழுதுவாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அதை இந்தியில் படித்துச் சொல்வேன். மனசு என்ற கட்டத்தில் அவள் ஒரு சொல்தான் எழுதுவாள். பாரம். எரிச்சல். இருட்டு. பயம். எப்போதாவது, பரவால்ல.

படித்துச் சொல்லச் சொல்ல எங்களுக்கே தெரிந்தது. செவ்வாய், வெள்ளிகளில் "இருட்டு" அதிகம். வலிப்பு பெரும்பாலும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில். அதற்கு முன் சாப்பாட்டுக் கட்டத்தில் சாய், சாய், பிஸ்கட், சாய். சைக்காலஜிஸ்ட் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நெடுநேரம் வயிறு காய்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். அதை ஏற்றுவதற்கு உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், விரல் நடுங்கும். மேலே மேலே சாய் குடித்தால் அந்தப் படபடப்பு கூடும். பசியில் வருகிற இந்த நடுக்கமும் பயத்தில் வருகிற நடுக்கமும் உடம்புக்குள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அக்காவின் உடம்பு அதை வலிப்பின் முன்னறிவிப்பாகப் பழகிவிட்டது. நடுங்கியதும் "வருது" என்ற பயம் வரும், பயத்தில் மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் விரல் மரத்துப்போகும், அடுத்தது வலிப்பு. பசிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. காரணம் வேறு, பழையது, ஆழமானது. அதைப் பிறகு பேசலாம் என்றார். பேசுவதற்குத் தெம்பு வேண்டும், முதலில் சாப்பாட்டை நேரத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்.

அவர் எதையும் விலக்கச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அக்காவின் தட்டில் ஒன்றைச் சேர்க்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். வேலைக்குக் கிளம்புமுன் ஏதாவது சாப்பிட வேண்டும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது, சாய் ஒன்றிரண்டோடு நிற்க வேண்டும், அதுவும் சாப்பாட்டோடு வேண்டாம், ஏனென்றால் சாயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வீட்டில் என்ன இருக்கிறதோ அதிலிருந்தே சொல்லுங்கள் என்று கேட்டார். அம்மா உடனே, "கூழு" என்றாள். மும்பையில் நாச்னி என்று எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிற கேழ்வரகு. ராத்திரியே காய்ச்சிப் புளிக்க வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, அக்கா ஒரு சொம்பு குடித்துவிட்டு ஒரு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டு போனாள். ஆடியில் தெருவே குடிக்கிற கூழ், அவளுக்கு அன்றாடம் ஆனது. இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவே கட்டடப் படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிடுவாள். வாரம் ஒருமுறை அம்மா தேவ்னார் பக்கத்திலிருந்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வந்து மிளகு போட்டு வதக்குவாள். ரத்தத்துக்குச் சுவரொட்டி என்பது ஊர் வழக்கம். இரும்புச்சத்து அதில் உண்மையாகவே மிகுதி. மாநகராட்சி டிஸ்பென்சரியில் இலவசமாகக் கொடுத்த இரும்பு மாத்திரையை எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டுக்கொண்டாள். பி12க்கு ஊசி.

மாமியாரைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. அவரை எதிர்த்துப் பேசினால் நடக்காது. சைக்காலஜிஸ்ட் அவரையே வரச்சொல்லி, "நீங்கதான் இவங்க சாப்பாட்டுக்குப் பொறுப்பு, காலையில கூழ் குடிச்சாங்களான்னு நீங்கதான் பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து அவர் காவல். கருவாடும் திரும்பி வந்தது, மாமியார் வாயாலேயே: "கொஞ்சமா போட்டுக்க." மறுவாரம் அம்மாவும் அக்காவும் கோலிவாடா போனார்கள். செவ்வாய் வெள்ளி நேர்த்திக்கு, பட்டினிக்குப் பதில் விளக்கு போடுவதாக அக்கா அம்மனிடமே மாற்றிச் சொல்லிக்கொண்டாள்.

நோட்டில் முதலில் மாறியது வலிப்புக் கட்டம் இல்லை, மனசுக் கட்டம். சில வாரங்களில் "இருட்டு" குறைந்தது. "பரவால்ல" அடுத்தடுத்து வந்தது. ஒருநாள் "கோவம் வந்துச்சு, அப்பறம் போச்சு" என்று ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். பெரியவளுக்குப் பின்னல் போட்டுவிட்டாள். வலிப்பு இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. கூழால் வலிப்பு நின்றது என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. அவளுக்கு வலிப்பு குறைந்தது சைக்காலஜிஸ்ட் அறையில் நடந்த பேச்சால். வரப்போகிறது என்று தோன்றும்போது காலைத் தரையில் அழுத்தி ஊன்றுவது, கண்ணெதிரே இருக்கும் பொருள்களைப் பேர் சொல்லி எண்ணுவது, மூச்சை மெல்ல விடுவது என்று அவளுக்குப் பழக்கினார்கள். பிறகு அவள் சின்ன வயதில் நடந்த ஒன்றை, எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றை, அவரிடம் சொன்னாள். அது அவளுடையது. இங்கே எழுதமாட்டேன். ஆனால் அதைச் சொல்கிற தெம்பு பட்டினி கிடந்த அக்காவுக்கு இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதெல்லாம் எங்கள் வீட்டோடு போகிற அனுபவமா என்று தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2017இல் ஸ்மைல்ஸ் என்ற ஆய்வை வெளியிட்டது. மனச்சோர்வும் மோசமான சாப்பாட்டுப் பழக்கமும் உள்ள 67 பேர். பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் காய்கறி, பருப்பு, மீன், முழுத்தானியம் என்று சாப்பாட்டைச் சீர்படுத்த உதவினார்கள். மீதிப் பேருக்குப் பேச்சுத்துணை மட்டும். முடிவில் முதல் குழுவில் மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து வெளியே வந்திருந்தார்கள். மற்றதில் நூற்றுக்கு எட்டுப் பேர். சிறிய ஆய்வுதான். யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது கலந்துகொண்டவர்களுக்குத் தெரிந்தே நடந்தது. அவர்கள் யாரும் வலிப்புக்காகச் சேர்ந்தவர்கள் இல்லை, ஆகவே அதை அப்படியே அக்காவின் மேல் பொருத்திவிட முடியாது. ஆனால் செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு இது பொருந்தும்.

பிரிட்டனில் 368 பேரை வைத்துச் செய்த கோட்ஸ் என்ற ஆய்வு 2020இல் வந்தது. இதே வலிப்பு உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு மட்டும் மனநலப் பேச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, மாதத்துக்கு எத்தனை வலிப்பு என்ற கணக்கில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களை வலிப்பு முன்போல வாட்டவில்லை, தொடர்ந்து வலிப்பில்லாத நாள்கள் நீண்டன, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. எனக்கு இதைப் படித்தபோது அக்காவின் நோட்டுதான் கண்முன் வந்தது. வலிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், அவள் சின்னவனோடு உட்கார்ந்து கேரம் விளையாடிய சாயங்காலங்கள் எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

அக்கா இப்போது வாஷியில் இரண்டு வீடுகளில் மட்டும் வேலை செய்கிறாள். வலிப்பு அபூர்வமாக வருகிறது, பெரும்பாலும் தூக்கம் கெட்டு, வீட்டில் சண்டையும் நடந்த வாரத்தில். அவள் தேறியதைப் பார்த்த காம்பவுண்டுப் பெண்கள், "என்ன குடுத்தீங்க? நாச்னியா? எத்தனை நாளு?" என்று என்னைக் கேட்கிறார்கள். நாச்னியில் மந்திரம் எதுவும் இல்லை. சப்பாத்தி தின்கிற வீட்டில் சப்பாத்தியே போதும். நேரத்துக்கு, வயிறு நிறைய, பிடித்தமானதை, யாரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள் என்று அவர்களிடம் சொல்கிறேன். அவர்களில் பாதிப் பேர் அன்று காலையிலிருந்து சாய் மட்டும்தான் குடித்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது என்றால் அது எந்த வகை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எபிலெப்சியும் சேர்ந்தே இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வையுங்கள். சாவியும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பத்தியம் என்று ஒன்றை நிறுத்துவதற்கு முன்னால், அவர் இன்று முதல் கவளத்தை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேளுங்கள். நடிப்பு என்ற சொல்லை அவர் காதில் விழச் சொல்லாதீர்கள். வலிப்பு நடக்கும்போதும் காது கேட்கலாம். மனசு பாரமாக இருந்தால் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.